காரைக்கால் பேய்க்கு ஆங்கிலம் வராதா?

அக்டோபர் பிறந்தால் போதும், ஆங்கிலம் சொல்லித்தரும் சிறு பள்ளிகளிலும் டியூஷன் வகுப்புகளிலும் ஒரு புதுப் பரபரப்பு தொடங்கிவிடுகிறது. கறுப்புத் துணி, கூம்புத் தொப்பி, ஆரஞ்சு நிறக் காகிதம், பல்லிளிக்கும் பரங்கிக்காய்ப் படம். "31-ஆம் தேதி உங்கள் பிள்ளையைப் பேய் அல்லது சூனியக்காரி வேஷத்தில் அனுப்பவும்" என்று பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. பெரிய நகரங்களில் இருந்த இந்த ஹாலோவீன் வழக்கம் இப்போது நம் பக்கத்துச் சின்ன ஊர்களையும் எட்டிப் பார்க்கிறது.

இதைப் பற்றி நம் வயதுக்காரர்களிடையே இரண்டு கட்சி இருக்கிறது. "வெள்ளைக்காரன் பேய்க்கு நம் பிள்ளைகள் ஏன் வேஷம் கட்ட வேண்டும்? அடியோடு நிறுத்துங்கள்" என்பது ஒரு கட்சி. "குழந்தைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள், நாலு இங்கிலீஷ் வார்த்தை கற்றுக்கொள்கிறார்கள், உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் இல்லை. ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்கு ஹாலோவீனைச் சொல்லித்தரலாம். ஆனால் அதே ஆங்கிலத்தில் தன் ஊர்ப் பேயைப் பற்றிச் சொல்லவும் அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். மற்ற ஊர்க்காரர்களுக்கு எப்படியோ, நமக்கு இது கட்டாயம். தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொண்டு பாடிய ஒரு பெண்ணின் பெயரால் அறியப்படும் ஊர் இது.

ஹாலோவீன் என்பது என்ன?

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஹாலோ' என்றால் புனிதர். 'ஈவன்' என்றால் மாலை. அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்திய மாலை என்பதுதான் தேய்ந்து ஹாலோவீன் ஆயிற்று. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள். பிரெஞ்சில் அதை 'தூசேன்' என்பார்கள். மறுநாள் நவம்பர் 2, நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாள்.

இதற்கும் முன்னால், அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்ட் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த நாளை ஒரு பண்டிகையாக வைத்திருந்தார்கள். அன்று இரவு இறந்தவர்கள் பழைய வீடு தேடி வருவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. மகாளய பட்சத்தில் முன்னோர்கள் நம் வீடு தேடி வருகிறார்கள் என்று நாம் சொல்கிறோம். அது புரட்டாசியில், அவர்களுடையது ஐப்பசியில். சில வாரங்கள்தான் வித்தியாசம்.

அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். 1840-களில் அங்கே உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது லட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அமெரிக்காவில் பரங்கிக்காய் பெரிதாகவும் குடைவதற்கு எளிதாகவும் இருந்தது. கிழங்கின் இடத்தைக் காய் பிடித்துக்கொண்டது. அந்தப் பரங்கிக்காய் நமக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் வந்தது. பரங்கியர் கொண்டுவந்த காய் என்பதால்தான் தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் மஞ்சளாக இருப்பதைப் பரங்கி என்றும் வெள்ளையாக இருப்பதைப் பூசணி என்றும் பிரித்துச் சொல்கிறோம்.

பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டி மிட்டாய் கேட்பது இன்னொரு பகுதி. இங்கிலாந்தில் கல்லறைத் திருநாளையொட்டி ஏழைகள் கதவு தட்டி, அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபம் சொல்லி, ஒரு சிறு ரொட்டி வாங்கிச் சாப்பிடும் வழக்கம் இருந்தது. அதன் சாயல் இதில் இருக்கிறது.

ஆக, இதில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. இறந்தவர்களை நினைப்பதும், இருட்டைக் கண்டு பயப்படுவதும், அந்தப் பயத்தை விளையாட்டாக்கிக்கொள்வதும் எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

வகுப்பறை வழியாக வந்த பண்டிகை

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாடுகளுக்கு இந்தப் பண்டிகை எப்படிப் போகிறது என்று கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். சினிமாவும் கடைக்காரர்களும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆங்கில வாத்தியார்.

ஜப்பானில் 1987 முதல் ஒரு அரசுத் திட்டம் நடக்கிறது. ஜெட் திட்டம் என்று பெயர். வெளிநாட்டு இளைஞர்களை வரவழைத்துப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியருக்குத் துணையாக வைக்கிறார்கள். அக்டோபர் வந்தால் அவர்கள் வகுப்பில் நடத்துவது பெரும்பாலும் ஹாலோவீன் பாடம்தான். தென் கொரியாவில் சிறு பிள்ளைகளுக்கான ஆங்கில மழலையர் பள்ளிகள் இதைப் பெரிய விழாவாகவே நடத்தின. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வாலிபர்களானபோது அது நகரத்துத் தெருக்களுக்கு வந்தது. 2022 அக்டோபர் 29 இரவு சியோல் நகரின் இதேவோன் பகுதியில் ஹாலோவீன் கூட்ட நெரிசலில் 150-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், உயிரிழந்தார்கள். அந்தச் சாவுகளுக்குக் காரணம் கூட்டத்தைக் கட்டுப்படுத்தாதது. அதை ஆங்கில வகுப்பின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் வகுப்பறையில் விளையாட்டாக நடத்துவது ஒரே தலைமுறையில் ஊர் வழக்கமாகிவிடும் என்பதற்கு அந்த நாடு சாட்சி. அதனால்தான் வகுப்பில் எதை வைக்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கச் சொல்கிறேன்.

பிரான்சின் கதை நமக்கு நெருக்கமானது. நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு நாலு பேர் அங்கே இருக்கிறார்கள். எங்கள் காலத்துப் பிரெஞ்சில் ஹாலோவீன் என்ற பேச்சே கிடையாது. 1990-களின் கடைசியில்தான் அது அங்கே பரவியது. 1997-இல் பிரான்சின் தொலைபேசி நிறுவனம் தன் செல்போன் விளம்பரத்துக்காகப் பாரிஸில் ஈஃபில் கோபுரத்துக்கு எதிரே உள்ள திரொக்காதெரோவில் ஆயிரக்கணக்கான பரங்கிக்காய்களைக் கொண்டுவந்து குவித்தது. திருச்சபைக்கு இது பிடிக்கவில்லை. 2002-இல் பாரிஸ் மறைமாவட்டம் அதே அக்டோபர் 31 மாலையில் 'ஹோலிவின்ஸ்' என்று புனிதர்களின் பெயரால் ஒரு மாற்று விழாவைத் தொடங்கியது. கடைத்தெருவில் அந்த மோகம் பிறகு குறைந்தது. ஆனால் தொடக்கப் பள்ளி ஆங்கிலப் பாடத்தில் ஹாலோவீன் நிலைத்துவிட்டது. தூசேன் விடுமுறை அக்டோபர் பிற்பாதியில் தொடங்கி இரண்டு வாரம் இருப்பதால், விடுமுறைக்கு முந்திய வாரத்தில் வௌவால், சிலந்தி, சூனியக்காரி என்று சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

நாங்கள் படித்த பிரெஞ்சு

இதையெல்லாம் பார்க்கும்போது எனக்கு நாங்கள் படித்த பிரெஞ்சு நினைவுக்கு வராமல் இல்லை. 1954-இல் ஆட்சி மாறிய பிறகும் இங்கே பிரெஞ்சு வழிக் கல்வி உடனே நின்றுவிடவில்லை. அதில் படித்தவர்கள் இதை வாசிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள். நான்கு பருவங்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்போம். இலையுதிர் காலத்தில் மரங்கள் பொன்னிறமாகும் என்போம். ஐப்பசியில் காரைக்காலில் எந்த மரமும் பொன்னிறமாவதில்லை. அரசலாற்றில் தண்ணீர்தான் ஏறும். கணப்பு அடுப்பில் 'மரோன்' சுட்டுத் தின்பார்கள் என்று ஒரு பாடம். மரோனைக் கண்ணால் பார்த்தவர் வகுப்பில் ஆசிரியர் உட்பட எவருமில்லை. "சுட்ட பலாக்கொட்டை மாதிரி இருக்குமடா" என்றார் ஆசிரியர். அது நல்ல விளக்கம்தான் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன்.

தெரியாத ஊரைப் பற்றிப் படித்ததில் எனக்கு வருத்தமில்லை. பனியைப் பார்க்காமலே பனி என்ற சொல்லைக் கற்பதுதானே படிப்பு! வருத்தம் வேறு. பத்து வருஷம் பிரெஞ்சு படித்தும், மாங்கனித் திருவிழாவைப் பற்றிப் பிரெஞ்சில் நாலு வாக்கியம் சொல்லுங்கள் என்று எங்களை யாரும் கேட்டதில்லை. ஆனி மாதம் பிரான்சிலிருந்து வரும் விருந்தாளி ஒருவர், மாடியிலிருந்து மக்கள் மாம்பழத்தை வாரி இறைப்பதைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டால், இலக்கணம் பிசகாமல் பிரெஞ்சு எழுதத் தெரிந்தவர்கள்கூட "இது ஒரு திருவிழா" என்ற ஒரே வரியோடு நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கணப்பு அடுப்புக்கு எங்களிடம் சொல் இருந்தது. எங்கள் தெருவுக்கு இல்லை.

முடியாத காரியமா அது? இல்லை. அம்மையாரின் பாடல்கள் முழுவதையும் காரைவேலன் என்பவர் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, 1956-இலேயே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் நூலாக வெளியிட்டது. அறிஞர் ழான் ஃபிலியோசா அதற்கு முன்னுரை எழுதினார். நாங்கள் மரோன் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், நம் ஊர்ப் பேய் நல்ல பிரெஞ்சு பேசிக்கொண்டுதான் இருந்தது. வகுப்பறைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. ஆங்கிலத்திலும் எலேன் கிராடக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2010-இல் அம்மையாரைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். அயலார் தேடி வந்து படிக்கும் கதையை நம் பிள்ளை தன் ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் இருப்பது சரியா?

இது வெறும் ஊர்ப் பெருமைக்காகச் சொல்வதில்லை. ஒரு மொழியில் மற்றவர்களுடைய விஷயத்தை மட்டுமே பேசிப் பழகிய பிள்ளைக்கு, தன் வீட்டு விஷயம் அந்த மொழிக்கு ஒவ்வாதது என்ற எண்ணம் மெல்ல மெல்ல வந்துவிடுகிறது. பிறகு அதைச் சொல்லவே கூச்சப்படுகிறது. வேலைக்கான நேர்முகத் தேர்வில் "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் வாய் அடைத்துப்போகும் பட்டதாரிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த அடைப்பு பட்டப்படிப்பில் வருவதில்லை. ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. புதுவை அரசுப் பள்ளிகளும் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்ட இந்தக் காலத்தில், வீட்டில் ஆங்கிலம் கேட்டறியாத பிள்ளைகளும் அந்த மொழியில்தான் கரையேற வேண்டும். அவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

நம்மிடம் இல்லாததா?

பரங்கிக்காயில் முகம் வெட்டுவது புதுமை என்று நினைக்கிறோம். புதிதாக வீடு கட்டும் இடங்களைப் பாருங்கள். வெள்ளைப் பூசணிக்காயில் உருட்டு விழியும் கோரைப்பல்லும் முறுக்கு மீசையுமாக ஒரு பூதத்தை எழுதித் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அயர்லாந்துக்காரன் கெட்ட ஆவியை விரட்ட முகம் வெட்டினான். நாம் கெட்ட கண்ணை விரட்ட முகம் எழுதுகிறோம். மார்கழியில் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் பரங்கிப் பூ வைக்கிறோம். கார்த்திகையில் பிள்ளைகள் மாவலி சுற்றுவதும் இருட்டோடு விளையாடும் விளையாட்டுதான்.

எல்லாவற்றுக்கும் மேல் அம்மையார். கதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்கிறேன். வணிகன் பரமதத்தன் இரண்டு மாம்பழங்களை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு ஒரு சிவனடியார் வருகிறார். மனைவி புனிதவதி சோற்றோடு ஒரு பழத்தை அவருக்கு இடுகிறாள். மதியம் வந்த கணவன் மீதிப் பழத்தைத் தின்றுவிட்டு மற்றதையும் கேட்கிறான். அவள் இறைவனை வேண்ட, கையில் ஒரு பழம் வருகிறது. முந்தியதைவிட அது ருசியாக இருக்கவே, எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். அவள் உண்மையைச் சொல்ல, அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான். அதுவும் வருகிறது, அவன் கையில் வாங்கியதும் மறைந்துவிடுகிறது. பயந்துபோனவன் கப்பலேறிப் போய், பாண்டிய நாட்டில் வேறு மணம் செய்துகொண்டு, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். தேடிச் சென்ற மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுகிறான். இவனுக்காகத் தாங்கிய அழகு இனி எதற்கு என்று அவள் உடம்பின் தசையை உதறிப் பேயுரு வேண்டிப் பெறுகிறாள். கயிலை மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து போகிறாள். சிவபெருமான் அவளை "அம்மையே" என்று அழைக்கிறார்.

உலகத்தில் எத்தனையோ பேய்க்கதைகள் இருக்கின்றன. கடவுள் அம்மா என்று கூப்பிட்ட பேய் நம் ஊரில்தான் இருக்கிறது. சூனியக்காரியைக் கண்டால் பிள்ளை ஓட வேண்டும். இந்தப் பேயைக் கண்டால் ஊரே கை கூப்புகிறது. மாங்கனித் திருவிழாவின் கடைசியில், பொழுது விடியும் முன், விளக்கணைத்த தெருவில் அம்மையார் பேயுருவில் புறப்படும்போது பாட்டியின் தோளில் தூக்கக் கலக்கத்தோடு இருந்து பார்த்த பிள்ளைக்கு ஹாலோவீன் ஒன்றும் புதிதல்ல. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதுதான் புதிது.

அப்படியானால் வகுப்பில் என்ன செய்வது?

எங்கள் தெருவில் மாலையில் சிறு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் பெண் ஒருத்தி இருக்கிறாள். பத்துப் பதினைந்து பிள்ளைகள் வருகிறார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் உண்டு. "தாத்தா, ஹாலோவீன் வைக்கலாம்னு இருக்கேன். இன்டர்நெட்லேர்ந்து பேப்பரெல்லாம் எடுத்தாச்சு. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். எடுத்து வைத்த தாள்களைக் காட்டினாள். வௌவாலுக்குக் கலர் அடி, சிலந்தியை எண்ணு, பரங்கிக்காயை வெட்டி ஒட்டு. நான் பார்த்தவரை பிள்ளை வாய் திறக்க வேண்டிய இடம் ஒன்றுகூட அதில் இல்லை. ஒரு மணி நேரம் கலர் அடித்துவிட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்குப் போகலாம்.

அலுவலகத்தில் எந்தச் செலவுக்கும் 'நோக்கம்' என்று ஒரு கலம் இருக்கும். அதை நிரப்பாமல் கோப்பு நகராது. இங்கே நோக்கம் ஆங்கிலம் பேச வைப்பது. ஆகவே இருவரும் உட்கார்ந்து யோசித்து ஒரு திட்டம் போட்டோம். மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம். முதல் நாள் ஹாலோவீன். எட்டுச் சொற்களுக்கு மேல் வேண்டாம்: இரவு, நிலா, பேய், முகமூடி, பரங்கிக்காய், கதவு, பசி, மிட்டாய். விளையாட்டு ஒன்றே ஒன்று. ஒரு பிள்ளை கதவைத் தட்ட வேண்டும். உள்ளே இருக்கும் பிள்ளை "ஹூ ஆர் யூ?" என்று கேட்க வேண்டும். "ஐ ஆம் எ கோஸ்ட்" என்று பதில். "ஆர் யூ ஹங்ரி?" "எஸ், ஐ ஆம் ஹங்ரி." "டேக் திஸ்." "தேங்க் யூ." எல்லாப் பிள்ளைகளும் மாறி மாறித் தட்ட வேண்டும், மாறி மாறித் திறக்க வேண்டும். ஒவ்வொரு வாயிலிருந்தும் இந்த வாக்கியங்கள் நாலைந்து முறை வந்தால் பாடம் நடந்தது என்று அர்த்தம்.

இரண்டாம் நாள் புனிதவதி வீடு. கதவைத் தட்டுவது பசியோடு வந்த அடியார். திறப்பது புனிதவதி. "ஹூ ஆர் யூ?", "ஆர் யூ ஹங்ரி?", "டேக் திஸ்", "தேங்க் யூ" எல்லாம் நேற்றுப் பழகிய அதே வாக்கியங்கள். மிட்டாய்க்குப் பதில் மாம்பழம். அக்டோபரில் மாம்பழம் ஏது? காகிதத்தில் வரைந்து வெட்டிக்கொள்ளலாம். பிறகு கணவன் வருகிறான்: "ஒன் மோர் மேங்கோ, ப்ளீஸ்." பழம் மறையும் இடத்தில் பிள்ளைகள் போடும் கூச்சலுக்கு மொழியே தேவையில்லை! ஹாலோவீனும் அம்மையார் கதையும் ஒரே காட்சியில் தொடங்குகின்றன, கவனித்தீர்களா? யாரோ பசியோடு வந்து கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே இருப்பவர் கொடுக்கிறார். இதைச் சொன்னதும் அந்தப் பெண், "இது எனக்குத் தோணவே இல்லையே தாத்தா" என்றாள்.

சில கட்டுப்பாடுகளும் வைத்துக்கொண்டோம். காசு கொடுத்து வேஷம் வாங்கச் சொல்லக் கூடாது. ஐப்பசிப் புழுக்கத்தில் நைலான் அங்கி போட்டால் பிள்ளைக்கு வேர்க்குருதான் மிச்சம். சார்ட் பேப்பர் முகமூடி போதும். மெழுகுவர்த்தி வகுப்பறையில் கூடாது. டார்ச் லைட் போதும். விளக்கை அணைத்துப் பயமுறுத்துவதும், ரத்தம் வழியும் முகம் போடுவதும் வேண்டவே வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளை பயந்துவிட்டால் அது கற்ற சொல்லெல்லாம் பறந்துவிடும். வேஷம் போட விரும்பாத பிள்ளை கதை சொல்பவராக இருக்கட்டும். உண்மையில் அதிகம் பேச வாய்ப்பு அந்தப் பிள்ளைக்குத்தான்.

கடைசிப் பத்து நிமிஷம் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு விஷயம் ஒன்றை மூன்று வாக்கியத்தில் சொல்ல வேண்டும். கிறிஸ்தவப் பிள்ளை நவம்பர் 2-இல் தாத்தா கல்லறைக்கு எடுத்துப்போகும் பூவைப் பற்றிச் சொல்லலாம். முஸ்லிம் பிள்ளை மஸ்தான் சாகிபு தர்கா கந்தூரியில் பார்த்த கொடி ஊர்வலத்தைச் சொல்லலாம். இன்னொரு பிள்ளை மகாளய அமாவாசையன்று காக்காய்க்குச் சோறு வைத்ததைச் சொல்லலாம்.

சில ஆட்சேபங்கள்

"வகுப்பில் அம்மையார் கதை சொன்னால் மதம் ஆகாதா?" என்று கேட்பார்கள். ஹாலோவீனே ஒரு மதத்தின் திருநாளுக்கு முந்திய மாலைதானே! அதை ஒரு நாட்டு வழக்கமாகச் சொல்லித்தரலாம் என்றால், இதை ஓர் ஊர்க் கதையாகச் சொல்லித்தரலாம். யாரையும் கும்பிடச் சொல்ல வேண்டாம். மாங்கனி இறைக்கும் அன்று பாரதியார் சாலையில் நிற்கும் கூட்டத்தில் எல்லா மதத்தாரும் உண்டு என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

"பரீட்சைக்கு இது வருமா?" என்பது அடுத்த கேள்வி. 'உங்கள் ஊர்த் திருவிழா ஒன்றைப் பற்றி எழுதுக' என்ற கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது. பிள்ளைகள் கைடு புத்தகத்திலிருந்து தீபாவளிப் பத்தியை மனப்பாடம் செய்து, எல்லாரும் ஒரே பத்தியை எழுதுகிறார்கள். மாம்பழம் இறைப்பதைப் பற்றி ஒரு காரைக்கால் பிள்ளை தன் சொந்த ஆங்கிலத்தில் எழுதினால், நாலு பிழை இருந்தாலும், திருத்துபவர் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்.

"அந்தத் தேதியில் வேறு வேலை இல்லையா?" என்றும் ஒருவர் கேட்டார். உண்மைதான், நம் நாட்காட்டியில் அந்த மூன்று நாளும் நெருக்கடியானவை. அக்டோபர் 31 காலையில் பட்டேல் பிறந்தநாளுக்கு ஒற்றுமை உறுதிமொழி. நவம்பர் 1 நமக்கு விடுதலை நாள். 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்த நாள். அன்றுதான் தூசேனும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஹாலோவீனுக்கு மறுநாள் ஏன் பள்ளி விடுமுறை என்று ஒரு காரைக்கால் பிள்ளையைக் கேட்டால், அந்தக் காரணத்தை அது ஆங்கிலத்தில் சொல்ல வேண்டாமா? அமெரிக்காவில் உள்ள பிள்ளைக்குக் கிடைக்காத பாடம் இது.

கடைசியாக நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேரப்பிள்ளைகள் பிரான்சிலோ லண்டனிலோ இருந்தால், அக்டோபர் 31 அன்று வீடியோ காலில் வேஷத்தோடு வந்து நிற்பார்கள். "இது என்ன கோலம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். "நீ என்ன பேய்? எங்கள் ஊரிலும் ஒரு பேய் உண்டு, தெரியுமா?" என்று தொடங்கி மாம்பழத்தில் முடியுங்கள். தமிழில் சொல்லுங்கள். பிறகு அதை அவர்கள் மொழியில் உங்களுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிரெஞ்சானாலும் சரி, ஆங்கிலமானாலும் சரி. மறுநாள் அங்கே நண்பர்களிடம் சொல்வதற்கு மற்ற எவரிடமும் இல்லாத ஒரு பேய் அவர்களிடம் இருக்கும்.